பெற்றோரை ரிஹாப் ஹோமில் சேர்க்கும் முன்... அக்கா சொல்லும் 12 டிப்ஸ்



பெரும்பாலான வீடுகளில் ரிஹாப் ஹோமுக்கான தேடல் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தொடங்குகிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை, கால் விழுந்திருக்கும். அல்லது அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்திருக்கும். "நாளைக்கு டிஸ்சார்ஜ். வீட்ல பார்த்துக்க ஆள் இல்லைன்னா ரிஹாப் சென்டர்ல கொஞ்ச நாள் வையுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போவார். அண்ணன் துபாயில், தம்பி பெங்களூரில், உங்களுக்கோ வேலையும் பிள்ளைகளின் பரீட்சையும். பக்கத்து பெட்காரர் ஒரு போன் நம்பர் தருவார். அன்று சாயங்காலமே போய், டைல்ஸையும் ஏ.சி. அறையையும் ரிசப்ஷனில் இருப்பவரின் இனிய பேச்சையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கட்டிவிடுவோம்.

என் மாமனாருக்கும், பிறகு என் அம்மாவுக்கும் இப்படி இடம் தேடி அலைந்தவள் நான். கையெடுத்துக் கும்பிடத் தோன்றிய இடமும் பார்த்தேன்; ஒரு ராத்திரிகூட விட்டுவைக்க மனசு வராத இடமும் பார்த்தேன். அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: கவனிப்பின் தரம் அங்கே படுத்திருப்பவர்களின் உடம்பில்தான் தெரியும். தோல், வாய், எடை, நடை, முகம் இந்த ஐந்தையும் பார்க்கப் பழகிக்கொண்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. எப்படிப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. எந்த மாதிரி இடம் வேண்டும்?

பக்கவாதத்துக்குப் பிறகோ, எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகோ மறுபடி எழுந்து நடக்க வைக்க வேண்டும் என்றால் பிசியோதெரபி வலுவாக உள்ள ரிஹாப் சென்டர் வேண்டும். டியூப், கதீட்டர், புண் என்று தினமும் நர்ஸ் பார்க்க வேண்டிய நிலை என்றால் நர்சிங் வசதி உள்ள ஹோம் வேண்டும். சாப்பாடும் துணையும் மட்டும் போதும் என்றால் முதியோர் இல்லமே போதும். மறதி நோய் உள்ளவருக்கு, அதற்கென்று பழகிய ஆட்கள் உள்ள இடம் வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம், "இவங்களுக்கு எந்த அளவுக்கு முன்னேற்றம் எதிர்பார்க்கலாம்? தினமும் என்னென்ன செய்யணும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை வைத்துத்தான் இடத்தைத் தேட வேண்டும்.

2. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள்

மருத்துவ சேவை தரும் இடம் என்றால், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இன்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். மாவட்ட அளவில் இதைப் பார்ப்பவர் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர். முதியோர் இல்லமாக நடப்பது என்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். சான்றிதழில் உள்ள பெயரும் முகவரியும் நீங்கள் நிற்கும் கட்டடத்தோடு பொருந்துகின்றனவா, தேதி காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள். "அப்ளை பண்ணியிருக்கோம்" என்றால் விண்ணப்ப நகலைக் காட்டச் சொல்லுங்கள்.

வெள்ளை உடுப்பு போட்டவர் எல்லாம் நர்ஸ் இல்லை. ஜி.என்.எம். 3 ஆண்டுப் படிப்பு, பி.எஸ்ஸி. நர்சிங் 4 ஆண்டுப் படிப்பு. படித்தவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்திருப்பார். ஊசி போடுவதும் டியூப் மாற்றுவதும் அப்படிப்பட்டவர் கையால்தான் நடக்க வேண்டும்.

3. சொல்லாமல் போங்கள், இரண்டு வேளை போங்கள்

முதல் முறை சொல்லிவிட்டுப் போய், எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பிறகு சொல்லாமல் இரண்டு வேளை போங்கள். ஒரு வேளை மதியச் சாப்பாட்டு நேரம். இன்னொன்று ராத்திரி எட்டு மணி வாக்கில், ஷிப்ட் மாறும் நேரம். ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் நல்லது. ஆள் குறைவாக இருக்கும் நாளில்தான் அந்த இடத்தின் உண்மை நிலை தெரியும்.

உள்ளே நுழைந்ததும் மூக்குக்கு வேலை கொடுங்கள். எங்கேயோ ஓர் அறையில் வாடை இருந்தால் அப்போதுதான் யாருக்கோ போயிருக்கும், அது தவறில்லை. நடைவழி முழுக்க மூத்திர வாடையோ, அதை மறைக்கும் பினாயில் நெடியோ அடித்தால் மாற்றுவதற்கு ஆள் போதவில்லை என்று அர்த்தம். காலிங் பெல் அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறது என்று நின்று பாருங்கள். பெல் பேஷண்ட்டின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். விழுந்து போன கைப்பக்கம் பெல்லை வைத்தால் அது இருந்தும் பயன் இல்லை.

4. தோல்: படுக்கைப் புண்தான் முதல் பரீட்சை

"இங்க யாருக்காவது பெட் சோர் இருக்கா? இங்க வந்தப்புறம் வந்ததா, வரும்போதே இருந்ததா?" என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் யோசியுங்கள். அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது வழக்கமான விதி. அதை எழுதி வைக்கும் சார்ட் கட்டிலருகில் இருக்க வேண்டும். ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு எல்லாவற்றுக்கும் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் மொத்தமாக எழுதியிருந்தால் அது சார்ட்டே இல்லை.

"ஆல்ஃபா பெட் போட்டிருக்கோம்" என்பார்கள். காற்று மெத்தை நல்லதுதான். ஆனால் அதைப் போட்டாலும் புரட்டித்தான் ஆக வேண்டும். புண் முதலில் வரும் இடங்கள் வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, கணுக்கால், முழங்கை, பின்தலை. வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும் தொடக்க நிலை, நம் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் அப்படித் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து, ஊதா ஓடி, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அந்த நிலையிலேயே கண்டுபிடிப்பவர்தான் நல்ல நர்ஸ். அந்த இடத்தில் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு அழுத்தித் தேய்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அது உள்ளே உள்ள சதையை இன்னும் சேதப்படுத்தும்.

5. வாய்: சாப்பாடு ஊட்டும் விதம்

மெனு கார்டைப் படிப்பதோடு நிறுத்தாமல், ஊட்டுவதைப் பாருங்கள். பேஷண்ட்டை நிமிர்த்தி உட்கார வைத்திருக்கிறார்களா, ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய் தருகிறார்களா, ஊட்டுகிறவர் உட்கார்ந்திருக்கிறாரா? நின்றுகொண்டு, போனைப் பார்த்தபடி, இரண்டு பேருக்கு மாறி மாறித் திணிப்பதைக் கண்டால் திரும்பி வந்துவிடுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்கும் தசையும் பலவீனமாகும். புரையேறிப் புரையேறி உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே போய்விடும். அதனால் "விழுங்குற டெஸ்ட் யார் செய்றாங்க? ஸ்பீச் தெரபிஸ்ட் வர்றாங்களா?" என்று கேளுங்கள்.

மூக்கு வழியாகப் போடும் ரைல்ஸ் டியூப்பில் உணவு கொடுப்பதாக இருந்தால், கட்டிலின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். டியூப் வழியாகச் சாப்பிடுகிறவருக்கும் தினமும் வாய் சுத்தம் செய்ய வேண்டும். நாக்கில் வெள்ளை படிந்து, உதடு வெடித்து, பல் செட் டம்ளரில் காய்ந்து கிடந்தால் அங்கே வாயைப் பார்க்க ஆள் இல்லை.

6. எடை: மாதம் ஒரு முறை கேட்க வேண்டிய எண்

நல்ல இடத்தில் சேர்த்த அன்றே எடை பார்த்து எழுதுவார்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் அது கவலைப்பட வேண்டிய இறக்கம். அதாவது 60 கிலோ உள்ளவர் 57 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. எழுந்து நிற்க முடியாதவருக்கு எப்படி எடை பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். நாற்காலித் தராசோ வேறு வழியோ வைத்திருப்பவர்கள் உடனே சொல்வார்கள். தண்ணீர் எவ்வளவு குடித்தார், மூத்திரம் எவ்வளவு போனது என்ற கணக்கும் இருக்க வேண்டும்.

7. கழிவறை விஷயத்தில் கூச்சம் வேண்டாம்

"ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர் மாத்துவீங்க?" என்று கேளுங்கள். எண்ணிக்கையைச் சொல்லாமல், "நனைஞ்சா உடனே மாத்துவோம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்ப்போம்" என்று சொல்பவர் தெரிந்து பேசுகிறார். நடக்கக் கூடியவரை நேரம் வைத்து டாய்லெட்டுக்குக் கூட்டிப் போகிறார்களா, வேலை மிச்சம் என்று எல்லோருக்கும் டயப்பர் மாட்டி விடுகிறார்களா? இது மானம் சம்பந்தப்பட்ட விஷயம். டாய்லெட்டுக்குப் போகத் தெரிந்த அம்மாவிடம், "டயப்பர்லயே போயிடுங்க" என்று சொல்லும் இடம் நமக்கு வேண்டாம்.

கதீட்டர் போட்டிருந்தால் யூரின் பேக் எப்போதும் அடிவயிற்றைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும். தரையில் கிடக்கவும் கூடாது, வீல்சேரில் ஏற்றும்போது மடியில் வைக்கவும் கூடாது. துணி மாற்றும்போது திரை போடுகிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

8. நடை: பிசியோதெரபி நிஜமாக நடக்கிறதா?

பக்கவாதத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். இடுப்பு எலும்பு ஆபரேஷன் செய்தவரைப் பெரும்பாலும் மறுநாளே எழுப்பி நிற்க வைக்கப் பார்ப்பார்கள். ஆகவே இங்கே வீணாகும் ஒவ்வொரு வாரமும் இழப்புதான். பி.பி.டி. படித்தவர் தினமும் வருகிறாரா, ஒருவருக்கு எத்தனை நிமிடம், ஞாயிறு உண்டா என்று கேளுங்கள். கையைக் காலை நாலு தடவை மடக்கி நீட்டிவிட்டுப் போவதைப் பிசியோ என்று பில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

"பார்தெல் ஸ்கோர் போடுவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சாப்பிடுவது, குளிப்பது, உடுப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படி ஏறுவது என்று பத்து வேலைகளுக்கு நூறு மதிப்பெண் போடும் அளவுகோல் அது. சேர்த்த அன்று எவ்வளவு, இரண்டு வாரம் கழித்து எவ்வளவு என்று சொல்லத் தெரிந்த இடத்தை நம்பலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுத்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறார்களா? அப்படித் தூக்கினால் தோள்மூட்டு விலகி, தாங்க முடியாத வலி வரலாம். இடுப்பு பெல்ட்டைப் பிடித்து, "மூணு எண்ணுவேன், நீங்களும் எழுந்திரிங்க ஐயா" என்று சொல்லித் தூக்குபவர் பயிற்சி பெற்றவர்.

9. முகம்: தூக்க மாத்திரையும் கட்டிப் போடுவதும்

பகல் பதினொரு மணிக்கு ஹால் முழுக்க எல்லோரும் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தால் அதை அமைதி என்று எண்ணிவிடாதீர்கள்; மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கலாம். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகளைக் கொடுத்தால் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்தது. புதிதாக எந்த மாத்திரை தொடங்கினாலும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கையைக் கட்டிலோடு கட்டும் வழக்கம் உண்டா, யார் உத்தரவில், எவ்வளவு நேரம் என்றும் கேளுங்கள்.

நேற்று வரை நன்றாகப் பேசியவர் திடீரென்று உளறினால், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று சொல்லும் இடம் ஆபத்தானது. சோடியம் குறைந்திருக்கலாம், மூத்திரத்தில் கிருமி இருக்கலாம், புது மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அன்றே ரத்தம், மூத்திரம் டெஸ்ட் எடுப்பவர்களே விவரம் தெரிந்தவர்கள்.

10. ராத்திரி யார் இருக்கிறார்கள்?

"மொத்தம் இருபது ஸ்டாஃப் இருக்காங்க" என்ற பதில் போதாது. "இந்த மாடியில எத்தனை பேஷண்ட்? இன்னைக்கு ராத்திரி நர்ஸ் எத்தனை பேர், அட்டெண்டர் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். டாக்டர் தினமும் வருகிறாரா, கூப்பிட்டால் வருகிறாரா? மூச்சுத் திணறல் வந்தால் ஆக்சிஜன் எங்கே இருக்கிறது, ஆம்புலன்ஸ் யாருடையது, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள்? கீழே விழுந்தால் எத்தனை நிமிடத்தில் உங்களுக்குப் போன் வரும்?

அட்டெண்டர்களிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசுங்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்து உழைக்கும் பிள்ளைகள் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள், அன்பானவர்கள் நிறைய. தமிழ் தெரியாவிட்டாலும் "வலி", "தண்ணி", "பாத்ரூம்", "பசி" என்ற வார்த்தைகளாவது புரிய வேண்டும். எவ்வளவு நாளாக வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். மாதா மாதம் ஆள் மாறும் இடத்தில் உங்கள் அப்பாவின் பழக்கம் யாருக்கும் தெரிந்திருக்காது.

11. பணத்தைப் பற்றி முகத்துக்கு நேரே பேசுங்கள்

மாதக் கட்டணத்தில் எதெல்லாம் சேர்த்தி, எதெல்லாம் தனி என்று எழுத்தில் வாங்குங்கள். பிசியோ, டயப்பர், ஆல்ஃபா பெட், ஆக்சிஜன், டாக்டர் விசிட், தனி அட்டெண்டர், டிரஸ்ஸிங், துணி துவைப்பது எல்லாம் தனித்தனியாக ஏறினால் சொன்ன தொகைக்கு வெகு மேலே போய்விடும். அட்வான்ஸ் எப்போது, எவ்வளவு திரும்பும்? நடுவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அந்த நாட்களுக்கும் கட்டணம் உண்டா? இன்ஷூரன்ஸ் இருந்தால் இந்தச் செலவு அதில் வருமா என்று கம்பெனியிடமே எழுதிக் கேளுங்கள். ரிஹாப் ஹோம்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

கட்டணம் கட்ட வசதி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பதிந்துகொள்வார்கள். சென்னைக்காரர்களுக்குக் கிண்டியில் முதியோருக்கென்றே அரசு நடத்தும் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டிருக்கிறது. எந்த இடத்திலும் சேர்க்கும் முன் முதியோர் நல மருத்துவர் ஒருவரிடம் ஆலோசனை கேட்பது நல்லது.

12. சேர்த்த பிறகுதான் நம் வேலை தொடங்குகிறது

அப்பா, அம்மாவிடம் கேட்காமல் சேர்க்காதீர்கள். பேச முடியாதவராக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே போகிறோம், எதற்காக, எப்போது திரும்புவோம் என்று சொல்லுங்கள். ஒரு தாளில் அவர்களைப் பற்றி எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள்: எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும், காபியா டீயா, எந்தக் காது கேட்கும், காலையில் நெற்றிக்குத் திருநீறு வேண்டும், நைட்டி பிடிக்காது புடவைதான். இதைப் படித்து நடக்கிறார்களா என்பதே ஒரு வாரத்தில் உங்களுக்குப் பல விஷயம் சொல்லிவிடும்.

வீட்டில் முறை வைத்துக்கொண்டு, நேரம் மாற்றி மாற்றிப் போங்கள். போனதும் போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள், புரட்டச் சொல்லி முதுகைப் பாருங்கள், வாயைப் பாருங்கள், நகத்தைப் பாருங்கள். பார்த்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள், தேவைப்பட்டால் அம்மாவின் சம்மதத்தோடு போட்டோ எடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், தம்பி வீடியோ காலில் முகத்தை மட்டும் பார்த்தால் போதாது. "அம்மா, காலைக் காட்டு" என்று கேட்க வேண்டும். பார்வையாளர் நேரம் தவிர வேறு நேரத்தில் உள்ளே விடவே மாட்டோம் என்று பிடிவாதம் பிடிக்கும் இடம் எனக்குச் சரிப்படாது.

நன்றாகப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டரைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள், அவர்கள் வீட்டு நலம் விசாரியுங்கள். குறை இருந்தால் முதலில் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். சரியாகாவிட்டால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச உதவி எண்ணில் பேசலாம். மேலே சொன்ன இணை இயக்குநரிடமும் சமூக நல அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். காசு கொடுத்துப் பெறும் சேவை என்பதால் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

எழுதிக் கொடுத்த பிறகும் புண் பெருகினால், எடை இறங்கினால், கண்ணில் பயம் தெரிந்தால் அட்வான்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். போன பணத்தைப் பிறகு கேட்டு வாங்கலாம். இந்த வாரம் நீங்கள் இடம் பார்க்கக் கிளம்புவதாக இருந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். அங்கே படுத்திருக்கும் யாரோ ஒரு பெரியவரின் குதிகாலையும் வாயையும் பார்த்துவிட்டு, அதன் பிறகு பர்ஸைத் திறவுங்கள்.